20 அடி அகல மனையில் குடும்ப வீடு: ஒரே தளமா, டூப்ளெக்ஸா, இரண்டு போர்ஷனா, ஸ்டில்ட்டா?

அரை கிரவுண்டு மனையை வாங்கிப் பத்திரப்பதிவும் முடித்தவர்கள் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதில் எத்தனை பெட்ரூம் வரும்?" சென்னையின் புறநகர்களில் 20 அடிக்கு 60 அடி, அதாவது 1,200 சதுர அடி என்பது மிகச் சாதாரணமாக விற்கப்படும் மனையளவு. பெற்றோர், கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் கொண்ட குடும்பம் அதற்குள் வசிக்க வேண்டும். ஒரு கார் நிற்க வேண்டும். முடிந்தால் கொஞ்சம் வாடகையும் வர வேண்டும். இத்தகைய மனையைப் பொறுத்தவரை அறைகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து. படிக்கட்டு எங்கே வரும், நடு அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால் அறைகள் தாமாகவே தம் இடத்தில் உட்காரும். அந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளினால், எவ்வளவு செலவழித்தாலும் வீடு சரியாக அமையாது.

முதலில் மனையின் கணக்கு

சுற்றிலும் விட வேண்டிய இடம் சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதை வரையறுக்கிறது; உங்கள் மனைக்குப் பொருந்தும் அளவைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் கணக்குக்காக, முன்னால் 5 அடி, பின்னால் 3 அடி, ஒரு பக்கம் மட்டும் 3 அடி 3 அங்குலம் விடுவதாக வைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் கட்டக்கூடிய பரப்பு 16 அடி 9 அங்குலத்துக்கு 52 அடி, ஏறக்குறைய 870 சதுர அடி. இரண்டு பக்கமும் 9 அங்குல வெளிச்சுவரைக் கழித்தால் உள்ளே கிடைக்கும் அகலம் 15 அடி 3 அங்குலம். இந்த 15 அடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரண்டு அறைகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் ஆளுக்கு ஏழரை அடிகூட வராது. அதில் கட்டிலைப் போட்ட பிறகு பீரோவின் கதவைத் திறக்க முடியாது. ஆகவே அறைகள் ரயில்பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், அவற்றை இணைக்க ஒரு நடை வேண்டும். 3 அடி 3 அங்குல நடையையும் நான்கரை அங்குல உட்சுவரையும் கழித்தால் படுக்கையறையின் அகலம் 11 அடி 7 அங்குலம். தாராளமான அறைதான்.

அடுத்த கவனிப்பு, எல்லையோடு ஒட்டி எழும் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது என்பது. வீட்டுக்கு மூச்சு விட முன்பக்கம், பின்பக்கம், அந்த 3 அடிச் சந்து ஆகிய மூன்றுதான் உண்டு. எனவே நடையையும் படிக்கட்டையும் ஜன்னலில்லாத சுவரோரம் தள்ளி, அறைகளைச் சந்துப் பக்கம் வைக்க வேண்டும். எந்தத் தேர்வை எடுத்தாலும் இந்த விதியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

படிக்கட்டுக்கும் இப்போதே அளவு தெரிந்திருக்க வேண்டும். தளத்துக்குத் தளம் உயரம் 10 அடி 5 அங்குலம் என்றால், 7 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான 18 ஏற்றங்கள் (படிக்குப் படி உயரம்) வரும். நடுவில் திரும்பும் படியாக, 10 அங்குல மிதியும் (கால் வைக்கும் இடம்) 3 அடி அகலமும் வைத்தால், அது ஒவ்வொரு தளத்திலும் ஏறக்குறைய 65 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். இரண்டு தளத்துக்கு 130 சதுர அடி. ஒரு சிறிய படுக்கையறைக்குச் சமம்.

எதை வைத்து எடை போடுவது?

நம் முன்னால் உள்ள தேர்வுகள் நான்கு: ஒரே தளம்; வீட்டுக்குள்ளேயே படி ஏறும் இரண்டு தள வீடான டூப்ளெக்ஸ்; மேலும் கீழுமாகத் தனித்தனி வீடுகளான இரண்டு போர்ஷன்; தரைத்தளத்தைக் காலியாக விட்டுப் பில்லர்களின் மேல் கட்டும் ஸ்டில்ட். இவற்றை எடை போட ஆறு கேள்விகளை முன்வைக்கிறேன். வீட்டில் யார் எந்தத் தளத்தில் உறங்குவார், 10 ஆண்டு கழித்து அவருடைய முழங்கால் என்ன சொல்லும்? பகலில் விளக்குப் போடாமல் எத்தனை அறைகளில் இருக்க முடியும்? கார் உள்ளே நின்றே ஆக வேண்டுமா? இப்போது கையில் உள்ள பணம் எவ்வளவு, மீதியைப் பின்னால் சேர்க்க வழி உண்டா? நாளை பிள்ளைகளுக்குப் பிரிக்கவோ, ஒரு பகுதியை வாடகைக்கு விடவோ முடியுமா? கடைசியாக, மழைத்தண்ணீர் அந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நிற்கும்?

வாஸ்துவை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நம்புகிற குடும்பம் அதை விடப்போவதில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் சமையலறை தென்கிழக்கில்தான், சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) வடகிழக்கில்தான் என்ற நிபந்தனைகளை வரைபடத்துக்கு முன்பே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். 15 அடி அகலத்தில் அவற்றைப் பிற்பாடு நுழைக்க முயன்றால், அறுபடுவது வழக்கமாக வெளிச்சமாகத்தான் இருக்கும்.

| அளவுகோல் | ஒரே தளம் | டூப்ளெக்ஸ் | இரண்டு போர்ஷன் | ஸ்டில்ட் |
|---|---|---|---|---|
| கிடைக்கும் பரப்பு (சதுர அடி, தோராயமாக) | 870, கார் இன்றி | 1,540, காருடன் | 1,540, காருடன் | மேலே தளத்துக்கு 870 |
| முதியோருக்கு | மிக நன்று | கீழே அறை வைத்தால் நன்று | கீழ்ப் போர்ஷனில் நன்று | லிஃப்ட் இன்றிக் கடினம் |
| நடு அறை வெளிச்சம் | கடினம் | படிக்கட்டு வழியே கிடைக்கும் | வானவெளி (மேலே திறந்த வெளிச்சக் கூடு) கட்டாயம் | மேலே ஏறுவதால் சற்றுக் கூடும் |
| தொடக்கச் செலவு | குறைவு | அதிகம் | அதிகம் | மிக அதிகம் |
| வாடகை, பாகப்பிரிவினை | இல்லை | கடினம் | எளிது | எளிது |
| வெள்ளப் பகுதியில் | ஆபத்து | பாதி வீடு தப்பும் | கீழ்ப் போர்ஷன் ஆபத்து | பாதுகாப்பு |

ஒரே தளம்

பணம் குறைவாகவும் வயதானவர்கள் அதிகமாகவும் உள்ள குடும்பத்துக்கு இதுவே இயல்பான தேர்வு. முன்னால் ஹால், நடுவில் சமையலறையும் ஒரு படுக்கையறையும், பின்னால் முழு அகலத்தில் இன்னொரு படுக்கையறை, இரண்டு கழிப்பறைகள் என்று 870 சதுர அடியில் வசதியாக அமையும். வீட்டில் எல்லோரும் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில் இருப்பார்கள். கார் மட்டும் தெருவில்தான் நிற்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு எதிர்காலத்தில் இருக்கிறது. "பிறகு மாடி எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லாத குடும்பம் அரிது. அப்படியானால் அஸ்திவாரமும் பில்லரும் இன்றைக்கே இரண்டு தளச் சுமையைத் தாங்கும்படி கணக்கிடப்பட வேண்டும்; அதற்கான பணத்தை இப்போதே கொடுக்கிறீர்கள். மொட்டைமாடியில் நீட்டி விடப்படும் பில்லர் கம்பிகள் நான்கைந்து மழைக்காலங்களில் துரு ஏறி இளைத்துவிடும். அவற்றுக்குச் சிமெண்டுப் பால் பூசி, சிமெண்டு குறைவாகக் கலந்த கான்கிரீட்டால் மூடி வைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரிகள் இதைத் தாமாகச் செய்வதில்லை. மாடிக்கான படிக்கட்டுக்கு இடம் ஒதுக்காமல் விட்டுவிடுவது இன்னும் பெரிய பிழை. பிறகு அது பக்கச் சந்தில் இரும்புப் படியாக வந்து நிற்கும். நடு அறையின் ஒரே ஜன்னலும் அத்துடன் அடைபடும்.

களிமண் நிலமாக இருந்தால் இந்தத் தேர்வின் சிக்கனம் பாதி கரைந்துவிடும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் அஸ்திவாரத்துக்கு ஆகும் செலவும், பல்லாவரம் மலையடிவாரத்துக் கெட்டித் தரையில் ஆகும் செலவும் ஒன்றல்ல. அஸ்திவாரத்துக்கே பெருந்தொகை போகும் மண்ணில் ஒரே தளத்தோடு நிறுத்துவது பணத்தைப் புதைப்பதாகும்; மண் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை இந்தத் தேர்வை உறுதி செய்யாதீர்கள்.

டூப்ளெக்ஸ்

காருக்காக முன்பக்கம் 12 அடி ஆழம் விட்டால், முன் இடைவெளி 5 அடியோடு சேர்ந்து 17 அடி கிடைக்கும்; கார் உள்ளே நின்று கேட்டும் மூடும். கீழ்த்தளம் 40 அடி நீளமாகக் குறைந்து ஏறக்குறைய 670 சதுர அடி ஆகும். மேல்தளம் காரின் மேலும் நீண்டு 870 வரும். கீழே ஹால், சமையலறை, பெற்றோருக்கு ஒரு படுக்கையறை. மேலே இரண்டு படுக்கையறைகள், பிள்ளைகள் படிக்க ஓர் இடம். ஆறு பேர் குடும்பத்துக்கு இந்த அமைப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது படிக்கட்டு. ஜன்னலில்லாத சுவரோரம், வீட்டின் நடுவில் அது எழுந்து, மேலே ஹெட் ரூமில் (மொட்டைமாடியில் படி முடியும் அறை) கண்ணாடி ஜன்னல் வைத்தால், பழைய வீட்டு முற்றம் செய்த வேலையை அது செய்யும். காலை 11 மணிக்கு அந்த வெளிச்சம் படிகளில் இறங்கிச் சாப்பாட்டு மேசை வரை வரும். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். நீள மனையில் நடு வீட்டுக்கு இதைவிட மலிவான வெளிச்சம் கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். என் பெரியப்பாவின் டூப்ளெக்ஸ் வீட்டில் இடத்தை மிச்சப்படுத்தப் படியின் அகலத்தை இரண்டரை அடியாகக் குறைத்துவிட்டார்கள். குடிபுகுந்த அன்று ஆறரை அடி இரும்பு பீரோ முதல் திருப்பத்திலேயே சிக்கிக்கொண்டது. சுவரின் புதுப் பெயிண்டில் பீரோவின் மூலை ஒரு நீளக் கோடு கிழித்தது. கடைசியில் கயிறு கட்டி, நான்கு பேர் பால்கனி வழியாக இழுத்தார்கள். பால்கனி கிரில்லை வெல்டிங் அறுத்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. அதைவிட வருத்தமானது பிறகு நடந்தது. கீழே படுக்கையறை இல்லாத அந்த வீட்டில் பெரியம்மாவுக்கு மூட்டு வலி வந்தபோது, அவர் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே கட்டில் போட்டுப் படுத்தார். கடைசி ஏழு ஆண்டுகள் அவர் தம் வீட்டு மாடியைப் பார்க்கவே இல்லை. டூப்ளெக்ஸ் கட்டுபவர்கள் கீழே ஒரு படுக்கையறையையும், அதோடு சேர்ந்த, சக்கர நாற்காலி நுழையும் 3 அடிக் கதவுள்ள கழிப்பறையையும் வைக்காமல் வரைபடத்தில் கையெழுத்திடக் கூடாது.

டூப்ளெக்ஸின் இன்னொரு குறை, அதைப் பிரிக்க முடியாமை. ஹாலின் நடுவிலிருந்து படி ஏறினால், மாடியை வாடகைக்கு விட நினைக்கும் நாளில் வாடகைக்காரர் உங்கள் ஹால் வழியாகத்தான் போக வேண்டும்.

மேலும் கீழுமாக இரண்டு போர்ஷன்

தனிப்படி, தனி வாசல், தனி மீட்டர். கீழே கார் இடமும் படியும் போக ஏறக்குறைய 605 சதுர அடி; மேலே 805. கவனியுங்கள்: பெரிய வீடு மேலே அமைகிறது, மாடி ஏற முடியாத பெற்றோரோ கீழே இருக்க வேண்டியவர்கள். முழுக் குடும்பமும் மேலே குடியேறிக் கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விட்டால் பெரியவர்களுக்குச் சிரமம். கீழே குடியேறினால் ஆறு பேருக்கு இடம் போதாது. காரை விட்டுக்கொடுத்தால் மட்டுமே கீழேயும் 805 சதுர அடி கிடைக்கும். இந்த முரண்பாட்டை முன்கூட்டியே பேசித் தீர்க்காமல் வாடகை வருமானக் கனவோடு தொடங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மறைந்த செலவுகள் இதில்தான் அதிகம். இரண்டு சமையலறை, கூடுதல் கழிப்பறை, இரண்டு மின் இணைப்பு, தனித்தனி மேல்நிலைத் தொட்டி. தொட்டியை ஒன்றாக வைத்து மிச்சம் பிடித்தால், கோடையில் மோட்டார் யார் போட்டார், லாரித் தண்ணீருக்கு யார் கொடுப்பது என்ற பேச்சு தினமும் வரும். அண்ணன் தம்பி குடியிருந்தாலும் வரும். மேல்வீட்டுக் கழிப்பறை கீழ்வீட்டுக் கழிப்பறைக்கு நேர் மேலேயே அமைய வேண்டும். ஹாலின் மேலோ பூஜையறையின் மேலோ வந்தால், கழிப்பறைக் குழாய்களுக்காகத் தளத்தை இறக்கிப் போட்ட அந்தப் பகுதியில் என்றாவது ஒழுகும். அப்போது கீழ்வீட்டுக் கூரையை உடைத்துத்தான் பார்க்க முடியும். படிக்கட்டு தனியாகப் போய்விடுவதால் நடு அறைக்கு அதன் வெளிச்சமும் கிடைக்காது. 4 அடிக்கு 5 அடி வானவெளி ஒன்றைத் தரையிலிருந்து மொட்டைமாடி வரை விட்டாக வேண்டும். "20 சதுர அடி வீணாகிறதே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வாடகைக்கு விடுவதானால், 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். முன்பணமாகப் பத்து மாத வாடகை வாங்கிக் கட்டட வேலையை முடித்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். சட்டம் வழக்கமான அளவாகச் சொல்வது மூன்று மாத வாடகை. வருமான வரியில் வாடகை வருமானத்துக்கு 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு என்பது மட்டும் ஆறுதல்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு தளம் என்ற எண்ணம் உறுதியாக இருப்பவர்களுக்கும், ஓய்வூதியம் இல்லாமல் வாடகையை நம்பி முதுமையைக் கழிக்க வேண்டியவர்களுக்கும் இதுவே சரியான வழி.

ஸ்டில்ட்

தரைத்தளம் முழுவதும் பில்லர்களின் மேல் நிற்கும் காலியிடம், வீடு முதல் மாடியிலிருந்து. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தள வீடுகள் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். தண்ணீர் ஏறும் தெருவில் ஸ்டில்ட் ஆடம்பரமல்ல. தண்ணீர் ஏறாத தெருவில் மனை உள்ளவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே போனால், இன்று ஒன்றரை அடி உயரத்தில் உள்ள வீடு 15 ஆண்டில் பள்ளத்தில் இருக்கும். ஸ்டில்ட் இல்லாமல் கட்டினாலும் தரைமட்டத்தைச் சாலையிலிருந்து 3 அடியாவது உயர்த்துங்கள்.

ஆனால் கார்களுக்காக மட்டும் ஸ்டில்ட் கட்டுவதானால், 20 அடி அகலத்தில் அது தரும் பலன் பலரும் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம் என்றால் பக்கம் பக்கமாக இரண்டு கார்களுக்கு 16 அடி 5 அங்குலம் வேண்டும். நமக்குள்ளதோ 15 அடி 3 அங்குலம், அதிலும் படிக்கட்டு ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும். பின்னால் உள்ள காரை எடுக்க முன்னால் உள்ளவர் கீழே இறங்கி வர வேண்டும். 870 சதுர அடியைக் கொடுத்து அதை வாங்குவது நியாயமான பேரமாக எனக்குத் தோன்றவில்லை.

பாதுகாப்புப் பற்றியும் ஒரு சொல். சுவரில்லாத தரைத்தளம் நிலநடுக்கத்தில் பலவீனமான இடம். 2001 பூஜ் நிலநடுக்கத்தின்போது அகமதாபாத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் தரைத்தளத்திலேயே முறிந்து விழுந்தன. இந்திய நிலநடுக்கத் தர விதியின் 2002 திருத்தத்தில் சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. ஸ்டில்ட் பில்லர்களின் அளவையும் வளையக் கம்பிகளின் நெருக்கத்தையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டும். "இந்தத் தெருவில் எல்லாம் இப்படித்தான் போட்டோம்" என்ற மேஸ்திரியின் அனுபவம் அதற்குப் போதாது. லிஃப்டுக்கான குழியையும் இப்போதே விட்டுவையுங்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

வெள்ளம் ஏறாத தெருவில், தொடக்கத்தில் சொன்ன ஆறு பேர் குடும்பத்துக்கு, டூப்ளெக்ஸையும் இரண்டு போர்ஷனையும் ஒரே வரைபடத்தில் அடக்கலாம். படிக்கட்டை நடுவீட்டிலிருந்து எடுத்து, கார் நிறுத்தத்தை ஒட்டி, ஜன்னலில்லாத சுவரோரம், முன்பக்கம் வையுங்கள். பிரதான கதவைத் திறந்தால் 4 அடிக்கு 5 அடியில் ஒரு சிறு நுழைவிடம். அங்கிருந்து ஒரு பக்கம் ஹாலுக்கு வழி, மறுபக்கம் மாடிக்குப் படி. இன்று ஹால் வழிக்குக் கதவு வேண்டாம், நிலை மட்டும் போதும். முழு வீடும் டூப்ளெக்ஸாக இயங்கும். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு அந்த நிலையில் கதவு மாட்டினால் மாடி தனி வீடாகிவிடும். மாடியில் ஓர் அறைக்குள் சமையலறைக்கான தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் இன்றே சுவருக்குள் விட்டு மூடி வைக்க வேண்டும். மாடிக்கான மின்கம்பிகளைத் தனிப் பெட்டிக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கான கூடுதல் செலவு சிறியது. பிற்பாடு சுவரை உடைத்துச் செய்தால் பல மடங்கு. படி முன்னால் போவதால் நடுவீடு இழக்கும் வெளிச்சத்தை வானவெளி கொண்டு ஈடுகட்ட வேண்டும் என்பதே இதன் விலை.

அனுமதியைப் பொறுத்தவரை, 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் வசதியை 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. மேற்சொன்ன அமைப்பு அந்த அளவுகளுக்குள் அடங்கும். வங்கிக் கடனும் அனுமதி பெற்ற வரைபடத்தின் பரப்புக்குத்தான் கிடைக்கும் என்பதால், மாடியைப் பிறகு கட்டுவதானாலும் வரைபடத்தில் இன்றே காட்டிவிடுவது நல்லது.

இன்னும் மூன்று வேலைகள் வரிசை தவறக் கூடாதவை. ஆழ்துளைக் கிணற்றை வீடு எழுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். சுவர் எழுந்தபின் போர் லாரி பின்பக்கம் நுழைய வழியே இருக்காது. பாதாளச் சாக்கடை இல்லாத பகுதியில் செப்டிக் தொட்டியைக் கழிவுநீர் லாரியின் குழாய் எளிதாக எட்டும்படி முன்பக்கமே வைக்க வேண்டியிருக்கும். அப்படியானால் குடிநீர்ச் சம்ப் பின்பக்கம் போக வேண்டும், இரண்டையும் கார் நிறுத்தத்தின் கீழே அருகருகே வைக்கக் கூடாது. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். அந்தக் குழியைப் பக்கச் சந்தின் முன்முனையில் அமைத்தால் ஆண்டுதோறும் தூர் எடுப்பது எளிது.

கையெழுத்திடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மனைக்குப் போய், சுண்ணாம்புத் தூளால் அறைகளின் கோட்டை 1:1 அளவில் தரையில் போடச் சொல்லுங்கள். பெற்றோரின் அறைக் கோட்டுக்குள் 6 அடிக்கு 5 அடியில் கட்டிலையும், சுவரோரம் பீரோவையும் குறித்து, அம்மாவை அந்த இடத்தில் எழுந்து, கழிப்பறைக் கோடு வரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது என்று அவரே காட்டுவார். அன்று அந்தக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு வேறிடத்தில் போடலாம்.